பட்டைத் தண்ணீரும் குளிர்பெட்டியும்

அன்பானவனே,

காலையில் முதல் வேலையாக, இரவெல்லாம் ஊறிய குவாச்சலாலாத்தே மரப்பட்டைத் தண்ணீரை வடிகட்டினேன். செந்நிறமாக இறங்கியிருந்தது. நம் மகள் யரேலிக்குக் குடலில் அழற்சி, அதற்குத்தான் இந்த மருந்து. பதினாறு வயதுக்கு எடை மிக அதிகம், சாப்பாட்டை மாற்றுங்கள் என்றார் மருத்துவர். வடக்கே தோட்ட வேலையில் இருக்கும் நீ கலங்குவாய் என்றுதான் இதுவரை எழுதவில்லை.

அவள் பட்டைத் தண்ணீரைக் குடித்தாள். துவர்ப்பு போக, நம் கடைக் குளிர்பெட்டியைத் திறந்து ஒரு சோடாவையும் குடித்தாள். தினமும் இப்படித்தானாம்.

சந்தையில் பட்டை விற்கும் எவுப்ரோசினாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

“பாதி ஊரு இப்படித்தான்டி குடிக்குது. மேல சோடாவ ஊத்துனா என் பட்டை என்ன பண்ணும், நீச்சலடிக்குமா?”

“கடையிலயே இருக்கே, கண்ணுல படுதே அக்கா.”

“கடை யாரோடது?”

பட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சோடா கம்பெனிக்காரர்களிடம் பேசி அவர்களுடைய பெட்டியை நீ காசில்லாமல் வாங்கி வைத்த அன்று, தெருவுக்கே விருந்து வைத்தாய். மறக்கவில்லை. நம் வியாபாரத்தில் பாதி அதனால்தான் நடக்கிறது. இருந்தாலும், நாளை அவர்கள் வண்டி வரும்போது பெட்டியை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லப் போகிறேன். இன்னும் யாருக்கும் தெரியாது, மகளுக்கும்கூட. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்த மூலையில் தண்ணீர்ப் பானை இருக்கும்.

உன் மனைவி