பனிமலையில் நான் அடைத்த துவாரம்

என்னைக் கப்பலேற்றி இந்தத் தீவுக்குக் கூட்டிவந்து, பாதியில் தனியே விட்டுப்போன என் அத்தானுக்கு, உங்கள் பாக்கியம் எழுதுவது.

நீங்கள் கண்ணை மூடி மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. இத்தனை நாளும் உங்களுக்குச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. நான் பனியைப் பார்த்துவிட்டேன். பார்த்தது மட்டுமா? சுற்றிலும் பனி கொட்டிக் கிடக்க, சக்கரம் வைத்த ஒரு வீட்டுக்குள் ஒரு பகலும் ஓர் இரவும் குடியிருந்துவிட்டு வந்திருக்கிறேன். நம் டெய்ரி ஃபார்ம் குடியிருப்பில் சொன்னால் பாதிப் பேர் நம்பவில்லை. நீங்கள் நம்புவீர்கள்தானே?

நம் மல்லிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வாணி என்று பெயர். நெற்றி அப்படியே உங்கள் நெற்றி. எட்டு மாதத்துப் பேத்தியைப் பார்க்க ஹேடோவில் கப்பலேறி, மெட்ராஸில் ரயிலேறி, டில்லியில் மாறி, பதான்கோட்டில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் குலு போய்ச் சேர்ந்தேன். தனியாகத்தான். குழாயடியில் வங்காளிப் பெண்களோடும் தெலுங்குப் பெண்களோடும் சண்டை போட்டுக் கற்ற நம் தீவு ஹிந்தி டில்லியிலும் செல்லுகிறது, அத்தான். ஒரு போர்ட்டர் என்னிடம் வாயைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

மாப்பிள்ளை தங்கராசு மிலிட்டரியை விட்டு விலகி, குலுவில் சொந்தமாக மோட்டார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். தங்கள் நாட்டிலிருந்து தரைவழியாகவே வேன் ஓட்டி வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, ஊர் திரும்பும்போது அந்த வேனை அவரிடம் விட்டுப் போயிருக்கிறார்கள். அதை வண்டி என்பதா, வீடு என்பதா? உள்ளே கட்டில் இருக்கிறது, அலமாரி இருக்கிறது, மடக்கு மேஜை இருக்கிறது. காற்றுப் போய்வரக் கூரையில் மூடி வைத்த ஒரு துவாரமும் இருக்கிறது. நீங்கள் பார்த்திருந்தால் அன்று முழுக்கப் பலகைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பீர்கள்.

"அத்தைக்குப் பனி காட்டணும்" என்று ஒரு நாள் விடியற்காலையில் எங்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் கிளம்பினார் மாப்பிள்ளை. ஏற ஏற என் பல் கிடுகிடுத்தது.

"என்ன அத்தை, நடுங்குறீங்க?"

"நான் எங்க நடுங்குறேன். உங்க வண்டிதான் நடுங்குது."

"எம்மா, வீம்புக்கு மட்டும் குளிரே கிடையாது உனக்கு" என்றாள் மல்லிகா. பேத்திக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய் கொண்டுபோயிருந்தேன். அது பாட்டிலுக்குள் வெள்ளைக் கல்லாக நின்றது. கவிழ்த்தேன், குலுக்கினேன், திட்டினேன். ஒரு சொட்டு வரவில்லை.

பிறகு பனி விழத் தொடங்கியது. சத்தமே இல்லை, அத்தான். நம் ஊர் மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காதே. இது வானத்திலிருந்து பஞ்சை உதறுவது மாதிரி விழுந்தது. வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்து முடிப்பதற்குள் சக்கரம் பாதி புதைந்துவிட்டது. வண்டி முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை.

அப்போது மதியம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை அங்கீட்டியில், அதுதான் அந்த ஊர்க் கரியடுப்பில், நெருப்பு மூட்டிக் கனிந்த பிறகு உள்ளே கொண்டுவந்து வைத்தார். கூரை மூடியை ஒரு சாண் திறந்து விட்டார். "கீழ டீக்கடையில போயி ஆளும் மண்வெட்டியும் கூட்டியாறேன். பாப்பாவப் பாத்துக்குங்க அத்தை" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

அதற்குப் பிறகு நான் செய்ததை இந்தத் தீவில் உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்தத் துவாரத்தின் வழியாகப் பனித்துகள் குழந்தையின் முகத்தில் விழுந்தது. எழுந்து மூடியை இழுத்து அடைத்தேன். அடுத்து ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு. ஹேடோவில் நீங்கள் ஓடத்துப் பலகைகளுக்கு நடுவே பஞ்சுத்திரி திணித்துத் தார் பூசுவீர்களே, அந்தக் கலப்பத்து வேலையை எத்தனை வருஷம் சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்? பழைய சேலையைக் கிழித்துத் திரியாகத் திரித்து, கரண்டிக் காம்பால் குத்தி இறக்கி, மேலே மெழுகுவர்த்தியை உருக்கி விட்டேன்.

"எம்மா, இது ஓடம் இல்ல. மலைமேல நிக்குது. முங்கிறவா போகுது?"

"தண்ணின்னா என்ன, குளிருன்னா என்ன? உள்ள வராம அடைக்கணும். உங்கப்பா அடச்ச ஓடத்துல என்னைக்காவது ஒரு சொட்டு ஏறியிருக்கா?"

வண்டி வெதுவெதுவென்று ஆனது. எனக்கு ஒரே பெருமை. சுவரில் முத்து முத்தாகத் தண்ணீர் பூத்து வழிந்தது. அதைத் துடைத்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. மல்லிகா கொட்டாவி விட்டாள். தலை வலிக்கிறது என்றாள். "உசரத்துக்கு வந்தா அப்படித்தான் இருக்கும், படு" என்றேன். எனக்கும் கண்ணைச் சுழற்றியது. குழந்தை சிணுங்காமல் தூங்கினாள். என் கைவேலைச் சூட்டில் சுகமாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

கதவை யாரோ தட்டினார்கள். எழுந்து திறக்கப் பார்த்தேன். நான் திணித்த திரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு திறக்கவில்லை. வெளியிலிருந்து ஓங்கி ஓர் உதை. கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. டீக்கடைக்காரி பிம்லா, ஆள் தேடி இன்னும் கீழே போன மாப்பிள்ளை சொல்லியனுப்பிய சூடான பாலோடு நின்றாள். உள்ளே ஒரு பார்வைதான் பார்த்தாள். பாலைக் கீழே போட்டாள். அங்கீட்டியைச் சால்வை நுனியால் தூக்கிப் பனியில் எறிந்தாள். குழந்தையை வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். நானும் மல்லிகாவும் அவள் பின்னாலேயே தள்ளாடிப் போய்ப் பனியில் விழுந்தோம்.

"கிஸ்னே பந்த் கியா?" யார் அடைத்தது என்று கேட்டாள்.

"மைனே" என்றேன். நான்தான்.

வாணி அவள் கையில் நனைந்த துணியாகத் தொங்கினாள், அத்தான். பிம்லா அவள் முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைத் தட்டினாள். மல்லிகா "பாப்பா, பாப்பா" என்று அதையே சொன்னாள். பிறகு ஒரு விக்கல். பிறகு அந்த மலைக்கே கேட்கும்படி அழுதாள். அந்த அழுகையைப் போல ஒரு சத்தத்தை நான் இன்னும் கேட்கவில்லை.

கனிந்த கரி விடும் நச்சுக்காற்றுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, அடைத்த இடத்தில் ஆளைத் தூங்கவைத்தே கொண்டுபோய்விடும் என்று பிம்லா திட்டிக்கொண்டே சொன்னாள். நீங்களாக இருந்தால் அந்தத் துவாரத்தை விட்டுவைத்திருப்பீர்களா? நீங்களும் அடைத்திருப்பீர்களா?

அடுப்பே இல்லாமல் எப்படிச் சூடாக இருப்பது? அதையும் அவளே காட்டினாள். கேளுங்கள். நெருப்பை வெளியே மூட்டினோம். அதில் உருண்டைக் கற்களைச் சுட்டுத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தோம். தரையிலிருந்துதான் குளிர் ஏறுமாம், அதனால் அவள் கடையிலிருந்து கொண்டுவந்த வைக்கோலை மெத்தைக்கு அடியில் பரப்பினோம். ஈரக் காலுறையை உடனே கழற்றினோம். கூரைத் துவாரம் மட்டும் திறந்தே இருந்தது. குழந்தையைச் சட்டையில்லாமல் என் வெறும் மார்போடு ஒட்டவைத்து, இருவரையும் சேர்த்துக் கம்பளியால் சுற்றிவிட்டாள். "அம்மாஜி, இனி நீதான் அங்கீட்டி" என்றாள். கூரை வழியே பனித்துகள் என் தலையில் விழுந்துகொண்டிருக்க, பேத்தி என் சூட்டில் கதகதவென்று கிடந்தாள். அத்தான், அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்?

சாயங்காலம் மாப்பிள்ளை ஆட்களோடு வந்தார். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள் மல்லிகா. நானே சொன்னேன். குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் வண்டியைத் தோண்டி எடுத்துத் திரும்பினோம். வழி முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. நான் ஊருக்குக் கிளம்பிய அன்று காலில் விழுந்து கும்பிட்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த கடிதமெல்லாம் மல்லிகா எழுதியவை. இனி அந்தக் குழந்தையை என் கையில் தருவார்களா என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே எல்லோரிடமும் பனியைப் பற்றித்தான் சொன்னேன், துவாரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் நம் வீட்டு வரிசையில் எத்தனை பிள்ளைகள் மிலிட்டரிக்கும் ரோடு வேலைக்கும் வடக்கே போகிறார்கள்! எல்லோருக்குமே மழையை அடைத்து அடைத்துப் பழகிய கைகள். அதனால்தான் இதை நம் ஆட்கள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். என் தலை குனிந்தாலும் பரவாயில்லை.

சொல்லத் துடித்த சேதியை இப்போது சொல்கிறேன். நேற்று வந்த கப்பலில் மாப்பிள்ளை கைப்பட எழுதிய கடிதம் வந்தது. "அத்தை, மல்லிகா டீச்சர் டிரெய்னிங் போறா. குளிர்காலம் முழுக்கப் பாப்பாவ நீங்கதான் பாத்துக்கணும். வேற யாருகிட்டயும் விட மனசு வரல" என்று எழுதியிருக்கிறார். நான்கு தடவை படித்துவிட்டேன். இதை முடித்ததும் ஐந்தாவது தடவை படிப்பேன்.

டிக்கெட்டுக்குச் சொல்லியாயிற்று. உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் பேச்சுப் புரிந்துகொள்ளும் வயதில், அந்தப் பகலில் நடந்ததை நானே, என் வாயால், ஒன்றையும் மறைக்காமல் அவளுக்குச் சொல்வேன். கேட்டுவிட்டு அவள் என் மடியில் இருந்தாலும் சரி, இறங்கிப் போனாலும் சரி.

உங்கள் பேத்தி வாணியின் அம்மாச்சி,
பாக்கியம்