கட்டை மேல் நிற்பவளுக்குக் கட்டில் சுற்றுகிறது

மே 12
வெட்கக்கேடு. ஜட்டி போட ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் அலமாரியைக் கட்டிப்பிடித்து நின்றேன். ஏரியில் மிதக்கிற மரக்கட்டை மேல் ஏறி, அதைக் காலால் உருட்டி, எதிரே நிற்பவளைத் தண்ணீரில் தள்ளிக் கோப்பை வாங்குகிற வெர்னா நான்! இடப்பக்கம் புரண்டாலே வீடு சுற்றுகிறது.

மே 13
புருஷன் ஆரின் ஊன்றுகோல் வாங்கி வந்திருக்கிறான். மரத்தில் வாத்துத் தலைப் பிடி.

"அழகா இருக்குல்ல?"

"நீயே வச்சுக்க. பீர் குடிச்சிட்டு வர்றப்ப உதவும்."

ஜூலையில் போட்டி. கட்டையில் என் எதிராளி ஹுல்டாவுக்குத் தெரியவே கூடாது. போன வருடம் தலைசுற்றல் என்று அவள் விலகியபோது, தோற்கப் பயந்தால் வருகிற வியாதி என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன்.

மே 20
டாக்டர் — மீசைகூட முளைக்காத பயல். காதுக்குள் மணல் மாதிரித் துகள்கள் உண்டாம், இடம் மாறினால் தலை சுற்றுமாம். மாத்திரை கிடையாதாம், தலையைத் தொங்கவிட்டுத் திருப்பினால் போதுமாம். இதற்கா படித்தான்?

"என் மூக்கையே பாருங்கம்மா."

என்னால் முடியுமா? கட்டையில் எதிராளியின் காலைத்தான் பார்க்கணும். முகத்தைப் பார்த்தவள் தண்ணீரில். தலை தானாக எழும்பி அவன் காலைத் தேடியது.

"எங்கம்மா பாக்குறீங்க?"

"லேஸ் அவுந்திருக்கு தம்பி."

பலிக்கவில்லை.

ஜூன் 1
சுற்றுகிறது. இனி கட்டை ஏறவே மாட்டேனோ? சீ, எழுதாதே.

ஜூன் 2
ஆரின் உளறிவிட்டான், தடியன். ஹுல்டா வந்து நிற்கிறாள்.

"என்னடி, தோக்கப் பயமா?"

"பரிதாபப்பட வந்தியா?"

"உன்னைத் தண்ணியில தள்ளணும்னா நீ முதல்ல நிக்கணும்ல. போன வருஷம் எனக்கும் இதே சுத்துதான். படுடி."

கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டாள். "டாக்டர் மூக்கும் வேணாம், மண்ணும் வேணாம். என் காலைப் பாரு. கண்ணை மூடினே, கொன்னுருவேன்." மெதுவாகக் கட்டிலைச் சுற்றி நடந்தாள். அவள் கால் போன பக்கமெல்லாம் என் தலையும் திரும்பியது. ஐயோ, என்ன சுற்று! அப்புறம்... நின்றுவிட்டது.

"நகம் வெட்ட மாட்டியா?" என்றேன். அழுதேனா? கொஞ்சம்.

ஜூன் 3
ஒற்றைக் காலில் ஜட்டி.

ஜூலை 24
கடைசிச் சுற்றில் நானும் ஹுல்டாவும். வெகுநேரம் உருட்டினோம். அவள் விழுந்தாள். கோப்பையோடு படகுத்துறையில் நடக்கும்போது, ஆரின் சாத்தி வைத்திருந்த ஊன்றுகோல் தடுக்கி ஏரியில் விழுந்தேன். தலை சுற்றவில்லை. கோப்பை மூழ்கிவிட்டது. வாத்து மிதக்கிறது.