ஆறு வாரம் பூக்காத வேம்பு

என் அன்பு மதினிக்கு,

இதைக் கேட்டால் முதலில் சிரிப்பீர்கள், அப்புறம் திட்டுவீர்கள். இரண்டுக்கும் தயாராகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போன பிறகு உங்கள் பெயரில் நான் ஒரு பொய் சொன்னேன். போன சனிக்கிழமைதான் அதை இறக்கிவைத்தேன். உடம்பே லேசாகிவிட்டது.

நம் பள்ளிக்கூடத்து வேம்பைப் பற்றித்தான். வாரம் ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அதன் அடியில் நிறுத்தி, கொழுந்து உண்டா, மொட்டு உண்டா, பூ உண்டா என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதவைத்தீர்கள். அதையே ஆராய்ச்சி நிலையத்துக்கும் கம்ப்யூட்டரில் அனுப்பினீர்கள். மூன்று வருடம்! நானும் அறிவியல் டீச்சர்தான், ஆனால் பாடத்தை முடித்தால் போதும் என்றிருந்தவள். "மதினி, அந்த மரத்தைப் பாக்குத நேரத்துல எங்க அண்ணனை ஒரு நாளாவது பாத்திருக்கியளா?" என்று கேலி செய்தேன். "உங்க அண்ணன் என்னைக்கும் ஒரே மாதிரிதான இருக்காவ, எழுதுததுக்கு என்னட்டி இருக்கு?" என்றீர்கள்.

தை கடைசியில் உங்களை நெல்லை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆறு வாரம் நீங்களும் இல்லை, நானும் இல்லை. பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப்போக ஆளில்லை. உங்களை வழியனுப்பிவிட்டு நான் திரும்பியபோது மரம் நிறையப் பூ. எப்போது பூத்தது என்று கேட்டால், தினமும் அதைத் தாண்டிப் போகிற யாருக்கும் தெரியவில்லை.

உங்கள் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கம்ப்யூட்டரைத் திறந்தால் ஆறு கட்டம் காலி. உங்கள் வேலையில் ஓட்டை விழுந்ததைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. போன வருடம் அதே வாரங்களில் 'மொட்டு இல்லை, பூ இல்லை' என்று இருந்தது. அப்படியே நிரப்பி அனுப்பிவிட்டேன். செய்முறைத் தேர்வில் விடையை முதலில் வைத்துக்கொண்டு அளவீட்டைப் பின்னால் எழுதிப் பழகிய கை அல்லவா?

அது ஒரு கண்டுபிடிப்பாகிவிடும் என்று யார் கண்டது? மாதாந்திர அறிவியல் ஆசிரியர் கூட்டத்துக்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நிவேதா வருவாளே, உங்களுக்குத் தெரிந்த பெண்தான். அவள் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். இந்த வருடம் பக்கத்துப் புளியங்குடியிலும் சிவகிரியிலும் மாசி பிறந்ததுமே வேம்பு பூத்துவிட்டதாம். நம் ஊரில் மட்டும் இல்லையாம். "டீச்சர், இது பெரிய விஷயம். ஏன்னு பிள்ளைங்களையே யோசிக்கச் சொல்லுங்க" என்றாள், முகமெல்லாம் மலர்ந்து.

பிள்ளைகள் யோசித்தார்கள், மதினி. நம் ஊர்த் தறிக்கூடத்துச் சூடா, பஞ்சுத் தூசியா என்று ஒரே சண்டை. "தறிச் சத்தத்துக்குப் பயந்து பூக்கலையோ டீச்சர்?" என்றாள் ரேவதி. பள்ளியைச் சுற்றி எத்தனை தறி ஓடுகிறது என்று தெருத்தெருவாக எண்ணிக்கொண்டு வந்தார்கள். என் வகுப்பு ஒரு கேள்விக்குப் பின்னால் இப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. ஓடுவது என் பொய்க்குப் பின்னால். உண்மையைச் சொன்னால் உங்கள் மூன்று வருடத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்று பயம். இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை நிவேதா வகுப்புக்கே வந்தாள். பிள்ளைகள் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்: "முன்னாடி டீச்சர் எழுதினதுலயும் இப்படி ஏதாவது இருக்குமா?"

உங்களுக்காக நான் எப்படிப் பதில் சொல்வது? அண்ணனுக்குப் போன் போட்டேன். பீரோவில் உங்கள் சேலைகளுக்கு அடியில் இருந்த அந்த வேம்பு நோட்டை எடுத்துக்கொண்டு வண்டியில் வந்தார்.

நிவேதா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அங்கங்கே உங்கள் கையெழுத்து. 'பார்க்கவில்லை. மழை.' 'பார்க்கவில்லை. சிவகிரியில் கல்யாணம்.' ஓரிடத்தில், 'பார்க்கவில்லை. மறந்துவிட்டேன்.' பிள்ளைகள் படிக்கிற நோட்டில் ஒரு டீச்சர் இப்படி எழுதுவாரா, மதினி?

"இது போதும் டீச்சர். இந்த மூணு வருஷத்தையும் தைரியமா நம்பலாம். அந்த ஆறு கட்டத்தை மட்டும் எடுத்திருவோம்" என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அப்ப நம்ம மரமும் மாசியிலயே பூத்திருக்கும். நாமதான் பாக்கல. அப்படித்தான டீச்சர்?" என்றாள் ரேவதி.

"தெரியாதுட்டி" என்றேன். வகுப்பில் நின்றுகொண்டு நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் சிரிக்கவில்லை. வருகிற மாசியில் யார் எந்தக் கிளையைப் பார்ப்பது என்று பங்கு பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் மற்ற ஆசிரியர்களிடமும் என்னையே இதைச் சொல்லச் சொல்கிறாள் நிவேதா. மானம் போனால் போகட்டும், சொல்கிறேன்.

நேற்று உங்கள் நோட்டில் அந்த ஆறு வாரத்தையும் நானே எழுதினேன். முதல் நான்குக்கு நேரே, 'பார்க்கவில்லை. மதினியோடு இருந்தேன்.' கடைசி இரண்டுக்கு நேரே, 'பார்க்கவில்லை. மதினி இல்லை.' அதன் பிறகு நன்றாக அழுதேன்.

இனி மரம் பூத்தாலும் பூக்காவிட்டாலும் பார்த்ததை மட்டுமே எழுதுவோம். எங்கள் அண்ணன் மேல் சத்தியம்.

என்றும் உங்கள் வாயாடி நாத்தனார்,
சாந்தி
சங்கரன்கோவில்