கார் ஷெட் கதவும் பூசணிக்காயும்

ஐப்பசி 12, வெள்ளி.

கார் ஷெட்டின் தூக்குக் கதவைப் பாதி உயர்த்தி விட்டால், கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எடைக்கல் இழுத்து அப்படியே நிற்க வேண்டும். நிற்கிறதா என்று பார்க்க, இன்று அடியில் ஒரு பூசணிக்காயை வைத்துக் கையை எடுத்தேன். கதவு சடாரென்று விழுந்து காயைச் சிதறடித்தது.

மைத்துனன் கைதட்டினான். "திருஷ்டி கழிஞ்சிருச்சு மச்சான்!"

"மழையில ஊறிப் பலகை கனத்துருச்சு மாப்ள, கல்லு பத்தல. ஆசாரியக் கூட்டிட்டு வா."

"கழிஞ்சதக் கெளறாதீக," என்று என் மனைவி சிதறிய காயில் குங்குமம் தூவினாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

சந்தையில் என் சொல்லுக்குப் பத்து வண்டி நிற்கும். வீட்டில் ஓர் ஆளும் அசையவில்லை. கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டேன். விடிந்ததும் நானே போய் ஆசாரியை அழைக்க வேண்டும்.

சின்ன மகள் தினமும் அந்தக் கதவடியில்தான் தட்டாங்கல் ஆடுகிறாள். அவள் உட்காரும் இடத்தில்தான் பூசணியை வைத்தேன்.