மாமாவுக்கு மிஞ்சிய சொல்

செங்கல்பட்டு,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஜஹனாராவுக்கு,

சியாமளா மாமி எழுதுகிறேன். நானும் மாமாவும் சௌக்கியம். உன் பெண் அர்வாவுக்கு மசக்கை வாந்தி நின்று சாப்பாடு இறங்குகிறதா? உன் முழங்கால் வலிக்கு அந்த ஊர் ஏ.சி. ஒத்துக்கொள்கிறதா? உங்கள் சொந்தக்காரர் சைஃபுல்லா நாளை அங்கே மஸ்கட்டுக்குப் புறப்படுகிறார் என்று உன் வீட்டுக்காரர் கியாசுதீன் சொன்னார். அவரிடம் வடகமும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது.

மாமாவுக்கு இன்னும் அந்த ஒரு வார்த்தைதான். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் வைஷாலி, அவர் மனதில் எல்லாம் தெளிவாக இருக்கிறது, வாய்க்கு வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்கிறாள். காபி வேண்டுமென்றாலும் ‘சுத்தம்’, வேண்டாமென்றாலும் ‘சுத்தம்’.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று காலை நீ பாத்திரம் திருப்பிக் கொடுக்க வராமல் இருந்திருந்தால் இந்த ஒரு வார்த்தையும் கிடைத்திருக்காது. தூக்கக் கலக்கம் என்றுதான் நான் நினைத்தேன். நீதான் அவர் வாய் கோணியிருப்பதைப் பார்த்துவிட்டு, கடைக்குக் கிளம்பிய கியாசுதீனைப் படியிலேயே மறித்துக் காரை எடுக்கச் சொன்னாய். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னது என் காதிலேயே இருக்கிறது.

அப்புறம் வந்த வாரங்களில் என் அடுப்பில் கஞ்சி வைத்து என்னைச் சாப்பிட வைத்ததும் நீதான். என் மாமியார் இருந்திருந்தால் சுத்தம் என்பதற்கு வேறு அர்த்தம் சொல்லி உன்னைச் சமையலறை வாசலிலேயே நிறுத்தியிருப்பார். அந்தக் கஞ்சியைவிடச் சுத்தமான எதையும் நான் இந்த வீட்டில் சாப்பிட்டதில்லை.

மாமா ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டபோது நானும் சேர்ந்து அழுதேன். நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? “நாமளும் அந்த ஒரு வார்த்தையை எத்தனைக்கு வச்சிருக்கோம் மாமி! மறந்துட்டா சுத்தமா மறந்துட்டேங்கறோம். பால் பொங்கி வழிஞ்சா ‘சுத்தம்!’னு சலிச்சுக்கறோம். நாணயமான ஆளுன்னா கை சுத்தம்ங்கறோம். மாமா எல்லாத்தையும் அதுலயே சொல்றாரு, அவ்ளோதான். காதால மட்டும் கேக்காதீங்க. மூஞ்சியப் பாருங்க.”

அந்தப் பேச்சு போன மாதம் ஒரு உயிரைக் காப்பாற்றியது.

நீ போனபிறகு வீட்டு வேலைக்குச் செல்லம்மா என்று ஒருத்தியை வைத்தேன். நல்ல மாதிரி, ஆனால் ரோஷக்காரி. அவள் துடைக்கும்போது மாமா ‘சுத்தம்’ என்றால் குறை சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். “இன்னாம்மா இது, நானும் குனிஞ்சி குனிஞ்சி தொடச்சிகினே கீறேன், ஐயா சும்மா சுத்தம் சுத்தம்னே சொல்லிகினு கீறாரு” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். நான் எவ்வளவு விளக்கியும் அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை.

கீஸர் கெட்டுப்போயிருந்ததால் அன்று ஹால் மூலையில் வாளி வைத்து, வெந்நீருக்குத் தண்ணீருக்குள் மின்சார ராடு போட்டிருந்தேன். நடுவில் கரண்ட் போய்விட்டது. சுவிட்சை அணைக்காமல் நான் காய் நறுக்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஹாலிலிருந்து “சுத்தம்! சுத்தம்!” என்று மாமாவின் கத்தல். “தொடைக்கத்தான் தண்ணி எடுக்கறேன் சாமி, அதுக்குள்ள இன்னா அவசரம்?” என்று செல்லம்மா பதிலுக்குக் கத்துகிறாள்.

இவர்கள் சண்டையைத் தீர்க்கலாம் என்றுதான் வந்தேன். மாமாவைப் பார்த்தேன். அந்த முகத்தில் கோபமே இல்லை ஜஹனாரா, அப்படி ஒரு பயம்! நாற்காலியிலிருந்து எழப் பார்க்கிறார், வலது கால் வரவில்லை. கரண்ட் வந்து அவர் தலைக்கு மேலே ஃபேன் மெல்லச் சுற்ற ஆரம்பித்திருந்தது. செல்லம்மா ஈரத் துணியோடு வாளிக்குள் கையை விடக் குனிந்துவிட்டாள். “தொடாதே!” என்று அலறிக்கொண்டே ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

விஷயம் புரிந்ததும் செல்லம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்துபோய் மாமாவுக்கு முன்னால் நின்று, “ஐயா, உன்னப் போயி தப்பா நெனச்சிட்டேனே” என்று அழுதாள். மாமா இடது கையை ஆட்டி, மெதுவாக, “சுத்தம்” என்றார். அதெல்லாம் போகட்டும் என்று அர்த்தம். அவளுக்கே புரிந்தது. நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து மாமா வேறு ஆள். வெளியே தலைகாட்டக் கூசிக்கொண்டிருந்தவர், போன ஞாயிற்றுக்கிழமை தானே செருப்பைக் காட்டினார். கியாசுதீன் எங்களை மாமல்லபுரம் அழைத்துப் போனார். கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் மாமா கம்பீரமாக “சுத்தம்” என்றார். எனக்குத் திக்கென்றது. கடைக்காரர், “நம்ம கடைல எல்லாமே சுத்தந்தான் சார், நம்பிக் குடிங்க” என்று கிளாஸை நீட்டினார். மாமா சிரித்தார் பார், டீ சட்டையெல்லாம் கொட்டி, கண்ணில் நீர் வர, அப்படி ஒரு சிரிப்பு. நோயில் படுத்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கியாசுதீன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது அவர்தான் சொன்னார், பிள்ளைகள் உங்கள் இருவரையும் மஸ்கட்டிலேயே தங்கிவிடச் சொல்கிறார்கள் என்று. நல்லதுதானே. பெண்ணுக்குப் பக்கத்தில் அம்மா இருக்க வேண்டும்.

அர்வாவுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். பிறக்கும் குழந்தை உன்னைப்போல எதிராளி முகம் பார்த்துப் புரிந்துகொள்ளும் குழந்தையாக இருக்கட்டும். நீ வணங்கும் இறைவனும் நான் கும்பிடும் தெய்வமும் உன் குடும்பத்தை நன்றாக வைத்திருக்கட்டும்.

செல்லம்மா காலையில் நம் வாசலைப் பெருக்கும்போது எதிரே உன் வீட்டு வாசலையும் சேர்த்துப் பெருக்குகிறாள். வீட்டம்மா இல்லாத வீட்டுக்கு எதற்கு என்று கேட்டாள். பெருக்கி வை என்று சொல்லியிருக்கிறேன்.

என்றும் உன்,
சியாமளா மாமி