மகாராணியின் கூழ்

ஆனி 9, காலை 08:10
செவ்வாயைச் சுற்றும் தைலவன நிலையம். எழுதுபவன் சங்கிலிபூதத்தான், ஈரேழு உலகிலும் எஞ்சியிருக்கும் ஒரே தைலமரக் காட்டுக்குச் சக்கரவர்த்தி. குடிமக்கள் இருவர்: தாய்க் கோலா கரடி மகாராணி, அவள் பைக்குள் குட்டி சிங்காரம். பூமியில் காடுகள் எரிந்தபின் கோலா இனம் இவ்வளவுதான். மகாராணி இனி ஈனமாட்டாள். காற்றழுத்தம் சரி. ஈரம் சரி. மகாராணி இருபது மணி நேரம் தூங்கினாள்; மீதி நேரம் இலை தின்றாள். தண்ணீர்கூட இலையிலிருந்துதான். என் சொந்தத்தில் இப்படியொரு உத்தியோகம் மூன்று வீட்டோடு மாப்பிள்ளைகளுக்குத்தான் வாய்த்தது.

ஆனி 21, பகல் 14:35
விண்கல் விழுந்தது. மலையளவு என்று எழுத ஆசை, புளியங்கொட்டை அளவுதான். உணவுக் கிடங்கு அப்படியே விண்வெளிக்குப் போய்விட்டது. தரைக் கட்டுப்பாட்டில் இருப்பவள் என் அக்கா மகள் உலகம்மை. அவள் செய்தி:
"பயப்படாதிய மாமா. கப்பல் ஐப்பசிக்குத்தான் வரும். அதுவரைக்கும் எதையாவது தின்னு உசுரோட இருங்க."
எதையாவது என்றால் தைல இலை. தின்றேன். அது விஷம். என் வாந்தியால் செவ்வாயில் புதிதாக இரண்டு ஏரிகள் உண்டாயின.

ஆடி 2, காலை 09:20
கண்டுபிடித்துவிட்டேன். பையை விட்டுத் தலைநீட்டும் பருவத்தில், தாயின் பின்புறத்திலிருந்து ஒழுகும் பச்சைக் கூழைக் குட்டி தின்கிறது. இலையின் விஷத்தை முறிக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன. கூழ் கிடைக்காத குட்டியால் ஆயுளுக்கும் இலை தின்ன முடியாது. சில வாரங்கள்தான் வரும். கொஞ்சமாகத்தான் வரும்.
ஸ்பூன் எடுத்தேன்.

ஆடி 11, காலை 10:05
சிங்காரம் வாயை நீட்டினான். முழங்கையால் தள்ளினேன். மறுபடி நீட்டினான். மறுபடி தள்ளினேன். ருசி தேவாமிர்தம், யாரோ ஏற்கெனவே ஒருமுறை சாப்பிட்டு முடித்த தேவாமிர்தம். கூழ் குடித்துத் தேறிவிட்டதாகத் தகவல் அனுப்பினேன்.
"ஆடி மாசம் கூழா! அம்மன் உங்கள அங்கயும் விடல பாத்தியளா? இங்க கோயில்ல இப்பத்தான் ஊத்துதாவ. தொட்டுக்கிட வெங்காயம் இருக்கா மாமா? குட்டிக்கும் ரெண்டு வாய் குடுங்க."
கொடுக்கவில்லை.

ஆவணி 6, பகல் 15:40
இலை செரிக்கிறது. பதினெட்டு மணி நேரம் தூங்குகிறேன், அதுவும் மரக்கவட்டில். குரல் கரகரக்கிறது. கூழ் நின்றுவிட்டது. பாலும் வற்றிவிட்டது. சிங்காரம் இலையை மெல்லுகிறான், துப்புகிறான், என்னைப் பார்க்கிறான்.
"மாமா, மேலிடத்துல சொல்லிட்டாவ. கப்பல் குட்டிக்காகத்தான் வருதாம். குட்டி இல்லன்னா உங்களுக்காக மட்டும் வராதாம். அழுது பாத்துட்டேன், கேக்க மாட்டங்காவ. நீங்க பட்டினி கெடந்தாவது அவனப் பாத்துக்கிடுங்க."
இப்போது அந்த நுண்ணுயிர்கள் என் வயிற்றில் இருக்கின்றன. என்னுடையதைக் கொடுத்துப் பார்த்தேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு மானம் இருந்தது.

புரட்டாசி 1
சிங்காரம் போய்விட்டான். மகாராணி ஒரு பகல் முழுக்க முதுகில் சுமந்தாள். பிறகு கீழே நழுவவிட்டு இலை தின்னப் போனாள். நான் அதற்கு முன்பே தின்ன ஆரம்பித்திருந்தேன்.

புரட்டாசி 3, காலையா தெரியவில்லை
"கப்பல் தயாரா நிக்கி மாமா. குட்டி சத்தத்தக் கேட்டாத்தான் கெளப்புவாவளாம். ஒரு சத்தம் குடுக்கச் சொல்லுங்க."
மைக் முன்னால் நானே கீச்சிட்டேன். பிறவிக் கலைஞன் நான்.
"யாத்தே, என்னா கத்து கத்துதான்! கப்பல் கெளம்பிட்டு மாமா! சரி, இப்ப நீங்க ரெண்டு வார்த்த பேசுங்க."
நன்றி சொன்னேன். அக்காவை விசாரித்தேன்.
"குட்டி கத்துனது போதும் மாமா. அவன அங்கிட்டு வச்சிட்டு நீங்க பேசுங்க. மாமா? எங்க போனிய?"
இவ்வளவு நேரமும் நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.