தட்டு மாற்ற வேண்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு, லோகேஸ்வரியின் வணக்கம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அம்மா இன்சுலின் தவறாமல் போடுகிறாரா? நான் நலம்.

தைப்பூசம் முடிந்ததும் பினாங்கு ஆசிரியர் வீட்டாரோடு தட்டு மாற்றலாம் என்றீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் நானும் சரி என்றுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் இங்கே எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றிவந்த டிராக்டர் சரிவில் கவிழ்ந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. வண்டியில் கூட வந்த சந்தியாகு அண்ணனுக்குத் தொடையில் வெட்டு. டிராக்டர் ஓட்டிய சுகுமாறனுக்குக் கை முறிவு. ஆம், நீங்கள் வேண்டாம் என்ற அதே சுகுமாறன்தான்.

கிளினிக்கில் நர்ஸ் நான் ஒருத்திதான். அண்ணனுக்கு ரத்தம் நிற்கவில்லை, அவருக்கு முதலில் கட்டுப் போட்டேன்.

"என்னா மிஸி, எனக்கு நம்பர் கொடுக்கலையா?" என்றார் சுகுமாறன்.

"வாய மூடிக்கிட்டு உக்காருங்க லா."

தடுமாறாமல் அவர் கைக்கும் கட்டுப் போட்டேன். இருவரையும் ஆம்புலன்ஸில் அனுப்பிய பிறகுதான், கதவைப் பூட்ட முடியாமல் சாவி திரும்பத் திரும்பக் கீழே விழுந்தது.

"மனச ஒதுக்கி வெச்சிட்டு யோசிம்மா" என்றீர்கள். யோசித்தேன். ஆபத்தான வேலை, நிரந்தரமில்லாத வேலை, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆசிரியரும் நல்லவர். ஆனால் அன்று அவர் அடிபட்டு வந்திருந்தால், கட்டுப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போயிருப்பேன். அப்படிப்பட்டவளை அவருக்குக் கட்டிவைப்பது நியாயமில்லை. தட்டு மாற்ற வேண்டாம் அப்பா.

அம்மாவின் பழைய கைலி ஒன்று அனுப்புங்கள். மழைக்குப் போர்த்திக்கொள்ள வேண்டும். இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு லுக்குட் டவுனுக்குப் போகும் லாரி ஹாரன் அடிக்கிறது. திட்டுவதற்காகவாவது கூப்பிடுங்கள்.

லோகேஸ்வரி